ஏழு பேர், ஆறு பட்டை

நான் வேலை பார்த்த தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் இப்போது ஆள் எடுப்பது கைப்பேசியில் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ‘நாளைக் காலை ராசிபுரத்தில் வேலை, பத்துப் பேர் தேவை’ என்று போட்டால் கட்டைவிரல் படங்கள் வந்து விழும். சென்ற மாதம் ஒரு நாள் பதினான்கு கட்டைவிரல்கள் விழுந்தன. மறுநாள் காலையில் மூன்று பேர் வந்தார்கள். மீதிப் பதினொரு பேரையும் இப்போதைய சூப்பர்வைசர் கோகுல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அதில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தே பல மாதம் ஆகிவிட்டதாம்.

“அப்புறம் எதுக்குங்க கட்டைவிரல் போட்டீங்க?”

“எல்லாரும் போட்டிருந்தாங்க. போடாம உட்டா நல்லா இருக்காதேன்னு போட்டேனுங்க.”

இதை என்னிடம் வந்து சொன்ன கோகுல், “சார், உங்க காலத்துல ஆள் எப்படித்தான் எடுத்தீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்” என்றார். ஒரு பக்கம் போதும் என்று அவர் நினைத்திருப்பார். ஓய்வு பெற்றவனிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

நான் தோட்ட வேலைக்கு வந்தது விரும்பி அல்ல. பட்டப்படிப்பை முடித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி அர்த்தநாரி ஒரு நாள் லாரிகளை எல்லாம் விற்றுவிட்டார். “இனி செடி வளக்கலாமுங்க. அது டயர் கேக்காது” என்றார். மேசை, நாற்காலி, நான் ஆகிய மூன்றும் இடம் மாறினோம். செம்பருத்திக்கும் வெட்சிக்கும் வித்தியாசம் தெரியாமல் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு தெரிந்துவிட்டது. பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

தொழில் சின்னது. முட்டைப் பண்ணைக்காரர்களின் பங்களாத் தோட்டங்கள், லாரி பாடி கட்டுகிறவர்களின் வீடுகள், ஒன்றிரண்டு கல்யாண மண்டபங்கள், ஒரு தனியார் பள்ளிக்கூடம். நாமகிரிப்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு நாற்றுப் பண்ணையும் இருந்தது. நிரந்தர ஆட்கள் என்று நானும் வேன் டிரைவரும்தான். மற்றவர்கள் எல்லாம் அன்றன்றைக்கு எடுக்கிற ஆட்கள், அல்லது காலையும் மாலையும் தண்ணீர் விட்டுப் போகிற பாதி நேர ஆட்கள்.

முதலாளி லாரி பேச்சை விடவே இல்லை. ஒரு தோட்டத்துக்குப் போய்வந்தால் அது ஒரு டிரிப். செடி வாடினால் பிரேக்டவுன். எரு போடுவதை டீசல் போடுவது என்றே சொல்வார். புது வாடிக்கையாளர்கள் சிலர் இதைக் கேட்டுப் பயந்திருக்கிறார்கள்.

அவர் ஆள் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலையில் பஸ் ஸ்டாப் டீக்கடையில் வேலைக்கு ஆட்கள் நிற்பார்கள். முதலாளி வேனை விட்டு இறங்கி, அவர்கள் பக்கம் பார்க்காமல் நேராகக் கடைக்குப் போய் ஒரு டீ சொல்வார். டீ குடித்து முடிக்கும்வரை யாரிடமும் பேச மாட்டார். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி. “சாப்பிட்டாச்சுங்களா?” அவர்கள் ஆச்சு என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். அந்தப் பதிலை அவர் காதில் வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. அவர் கண் கையில் இருக்கும் தூக்குப்போசியின் மேல் இருக்கும். மத்தியானச் சோற்றைப் போசியில் எடுத்துவந்த ஆள் வேனில் ஏறலாம். போசி இல்லாத ஆள் எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும் ஏற முடியாது.

“போசி இல்லாத ஆளு மத்தியானம் சாப்பிடப் போவானுங்க. போனவன் வந்ததா நான் பாத்ததில்லைங்க” என்பார்.

அவர் ஊரில் இல்லாத ஒரு சமயத்தில் இந்த விதிக்கு விலக்கு ஏற்பட்டது. பண்ணைக்கார வாடிக்கையாளர் ஒருவர் தாமே ஒரு ஆளைப் பிடித்துவந்தார். கையில் சொந்தக் கத்தரி இருந்தது, போசி இல்லை. கேட்டின் இரண்டு பக்கமும் இருந்த டுரண்டா புதர்களைக் கோழி வடிவத்தில் வெட்டித் தருவதாகச் சொன்னான். மத்தியானத்துக்குள் இடது பக்கத்தில் ஒரு கோழி உருவாகிவிட்டது. அலகு, கொண்டை, வால் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு சாப்பிடப் போனான். வலது பக்கத்துப் புதரை எங்களால் முடிந்தபடி உருண்டையாக வெட்டினோம். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே என்று கோழியையும் உருண்டையாக்கினோம். வாடிக்கையாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஒண்ணு கோழி, ஒண்ணு முட்டைன்னு உட்டிருக்கலாமேங்க” என்றார். அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் விடும் பாதி நேர ஆளுக்கு வேறு விதி. அவருக்கு இன்னொரு வேலை இருக்க வேண்டும், அல்லது ஏற்கனவே இருந்து முடிந்திருக்க வேண்டும். வேறு வேலையே இல்லாதவர் பாதி நேரத்துக்கு வந்தால், முழு நேர வேலை கிடைத்ததும் ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார். எங்களிடம் இருந்தவர்களில் சிறந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டிவரை போவார். மறுபடி கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டே திரும்பி வருவார். ஒரு செடி அவரிடம் தப்பியதில்லை.

ஆளை வேண்டாம் என்று சொல்வது முதலாளிக்கு வராது. பிடிக்காத எதற்கும் “பாக்கலாமுங்க” என்பார். எங்கள் பக்கத்தில் பாக்கலாமுங்க என்றால் நடக்காது என்பது பிறந்த குழந்தைக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் மட்டும் நம்பிக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை என்னுடையது.

எண்ணும் வேலையும் என்னுடையது. காலையில் ஆட்களை எண்ணுவேன், பிறகு சாமான்களை எண்ணுவேன். மண்வெட்டி நான்கு, கடப்பாரை ஒன்று, களை குத்தும் கம்பி பத்து, பாண்டுச் சட்டி எட்டு, கயிறு எட்டு. மாலையில் கழுவி வாங்கி மறுபடி எண்ணுவேன். ஆள் குறைந்தால் அவர் வீட்டில் தேடிக்கொள்வார்கள். கம்பி குறைந்தால் நான்தான் தேட வேண்டும். இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். நான் இருந்தவரை கடப்பாரை தொலையவில்லை.

இனி செட்டு விஷயம். கோகுலுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான்.

களை எடுக்கும் பெண்கள் எங்கள் பக்கத்தில் தனியாக வர மாட்டார்கள். செட்டாக வருவார்கள். ஐந்து பேர், ஏழு பேர், ஒன்பது பேர் என்று அவர்களாகச் சேர்ந்த கூட்டம் அது. ஒருவரிடம் பேசினால் எல்லோரிடமும் பேசியதாக அர்த்தம். ‘ஏழில் நான்கு பேர் மட்டும் வாருங்கள்’ என்றால் யாரும் வர மாட்டார்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எங்களுக்கு ஏழு பேர் செட்டு ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைவி பாப்பாத்தி. ஐம்பது வயது இருக்கும், குரல் மட்டும் முப்பதில் நின்றுவிட்டது. சரசு என்று ஒரு இளம் பெண். வாயை மூடினால் தூங்குகிறாள் என்று பொருள். அத்தாயி என்று ஒரு மூத்த பெண்மணி. அதிகம் பேச மாட்டார். மற்ற நால்வரும் மற்ற நால்வர்.

பள்ளிக்கூடத்து முன்புறப் புல்தரையில் கோரை மண்டிவிட்டது. ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் அந்தப் புல்தரையில்தான் ஆட வேண்டும். ஏழு பேர் செட்டை இறக்கினோம். புல்தரையில் களை எடுக்கும்போது நான் கயிறு போட்டுப் பட்டை பட்டையாகப் பிரிப்பேன். ஒரு ஆளுக்கு ஒரு பட்டை. ஏழு பட்டைக்கு இருபுறமும் சேர்த்து எட்டுக் கயிறு. எல்லோரும் ஒரே வரிசையில் குத்தவைத்து, கம்பியால் கோரையைக் கிழங்கோடு கிளப்பிப் பாண்டுச் சட்டியில் போட்டுக்கொண்டே முன்னால் நகர வேண்டும். கிழங்கு உள்ளே நின்றுவிட்டால் எடுத்ததற்கும் எடுக்காததற்கும் வித்தியாசம் இல்லை.

ஏழு பேர் உட்கார்ந்தும் தினமும் மாலைக்குள் ஆறு பட்டைகள்தான் முடிந்தன. மிச்சம் மறுநாள் காலையில்தான் முடியும். கோரை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பள்ளித் தாளாளர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். புல்தரை நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் மொட்டையாக இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம். கோரை அப்படியே நிற்க, நல்ல புல் பிடுங்கப்பட்டிருந்தது.

“ஏனுங்க, களையெடுக்கச் சொன்னா புல்லப் புடுங்கி வெச்சிருக்காங்க. இது யாரு பண்ணுன வேலைங்க?”

இரண்டு வட்டங்களும் நான்காவது பட்டையில் இருந்தன. செட்டு வேப்பமரத்தடியில் போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் போய்க் கேட்டேன்.

“நாலாவது பட்டையில உக்காந்தது யாரு?”

சரசுகூடப் பேசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம் தந்தது.

“நாந்தானுங்க சாமி புடுங்கினது” என்றாள் பாப்பாத்தி.

“நீங்க மூணாவது பட்டை. நீங்க உக்காந்தத நான் பாத்தனே.”

“எட்டிப் புடுங்கிட்டனுங்க.”

“அவ எங்கீங்க புடுங்கினா? நாந்தானுங்க” என்றாள் ஐந்தாவது பட்டையில் இருந்த சரசு. பிறகு இரண்டாவது பட்டை, தான்தான் என்றது. ஏழாவது பட்டை அங்கிருந்தே தானும் கொஞ்சம் பிடுங்கியதாகச் சொன்னது. இப்படி ஆறு பேரும் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு வட்டத்துக்கு ஆறு பேர் அதிகம்.

அத்தாயி சோற்றுக் கையைப் போசிக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னார்: “உடுங்க புள்ளைகளா. நாந்தான் சாமி. எனக்குக் கண்ணு தெரியறதில்லை.”

“எவ்வளவு நாளா?”

“போன மாரியாத்தா நோம்பிக்கு முந்தியே மங்கிப்போச்சுங்க. இப்ப வெளிச்சம் மட்டுந் தெரியுது.”

“கண்புரையா இருக்கும். முகாமுக்குப் போனா சரி பண்ணி உட்டிருவாங்களே.”

“மூணு முகாம் பாத்தாச்சுங்க” என்றாள் பாப்பாத்தி. “பொரை இல்லியாமா. உள்ளுக்குள்ள நரம்பு பட்டுப்போச்சாமா. ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொட்டு மருந்து குடுத்து அனுப்பிச்சுட்டாங்க.”

சரசுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. “சூப்பரைசரு தெனமும் எங்கள ஏத்தையில ஒருவாட்டி எறக்கையில ஒருவாட்டி எண்ணுறாரு. தலையத்தானே எண்ணுனீங்க சாமி, கண்ண எண்ணலியே.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தாயியும் சிரித்தார்.

பிறகு விவரம் தெரிந்தது. அத்தாயியை எப்போதும் நடுவில் உட்கார வைப்பார்கள். அவருடைய பட்டையில் வலது பாதியைப் பாப்பாத்தியும் இடது பாதியைச் சரசுவும் எட்டி எட்டி எடுப்பார்கள். எடுத்த கோரையை அவர் சட்டியிலேயே போடுவார்கள், சட்டி காலியாகத் தெரியக் கூடாது என்று. வேனிலிருந்து இறங்கும்போது அத்தாயி பாப்பாத்தியின் தோளில் கைவைத்து நடப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஒட்டுதல் என்று நினைத்திருந்தேன். அன்று சரசுவின் கையில் முள் ஏறி, பாப்பாத்தி அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

“சும்மா உக்கோந்திருந்தா நீங்க பாப்பீங்களேன்னு கைக்கு அம்புட்டதப் புடுங்கினனுங்க” என்றார் அத்தாயி.

தாளாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, வட்டம் அங்கே இருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. “பாவந்தானுங்க. ஆனா அந்தம்மா இனி காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது. மத்தவங்க வரட்டும்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. முதலாளியிடம் சொன்னேன். அவர் டீ குடித்து முடித்துவிட்டு, “பாக்கலாமுங்க” என்றார்.

நான் ஒரு வழி செய்தேன். நாற்றுப் பண்ணையில் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பும் வேலை இருந்தது. அதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம், கை போதும். அத்தாயி அங்கே போகட்டும், மற்ற ஆறு பேரும் பள்ளிக்கு வரட்டும் என்றேன். “நீங்க படிச்சவுக. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றாள் பாப்பாத்தி. அவள் ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பட்டை போட்டேன். நடுவில் இருந்தவர் போனதால் பாப்பாத்தியும் சரசுவும் இப்போது பக்கத்துப் பக்கத்துப் பட்டை. உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே இடையில் இருந்த கயிற்றைப் பற்றித் தகராறு வந்தது. கயிற்றுக்கு அடியில் இருக்கும் கோரை யாருடையது?

“உன்ற பக்கந்தான சாஞ்சு நிக்குது.”

“சாஞ்சா? வேர் உங்க பக்கந்தான இருக்குது. நீங்களே புடுங்குங்க.”

“வாயப் பாரு. ஒரு முள்ளுக் குத்துனதுக்கு ஊரையே கூட்டுனவ.”

“ஆரு கூட்டுனது? நீங்கதான எந்திரிச்சு வந்தீங்க? நீங்க வராம இருந்திருந்தா அத்தாயக்கா இங்க உக்கோந்திருக்கும்.”

இதற்குப் பிறகு வேலை நடந்தது என்று சொல்ல முடியாது. மற்ற நால்வரும் இரண்டிரண்டாகப் பிரிந்து சேர்ந்துகொண்டார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தேன். ஐந்து பட்டைகள் முடிந்திருந்தன.

நாற்றுப் பண்ணைக்குப் போனேன். அத்தாயி பைகளை நன்றாகவே நிரப்பியிருந்தார். மண் இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. வரிசையாகச் சுவரோரம் வைத்திருந்தார். “நல்லா இருக்குதுங்க” என்றேன்.

“இருக்கட்டுஞ் சாமி. நாளைக்கு வரலீங்க.”

“ஏனுங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஆரு இருக்கறாங்க சொல்றதுக்கு? மண்ணு பேசறதில்லீங்களே.”

அன்றே டீக்கடையில் முதலாளியிடம் கணக்கைச் சொன்னேன். “ஏழு பேர் வந்தா ஆறு பட்டை முடியுதுங்க. அந்த அம்மா இல்லாம ஆறு பேர் வந்தா அஞ்சுதான் முடியுது.”

“அப்ப அஞ்சு பேர் வந்தா நாலுங்களா?”

“தெரியலீங்க.”

“இப்படியே போனா ஒருத்தருமே வராத அன்னிக்கி நாம ஒரு பட்டை கடங்காரங்க ஆயிருவமுங்க.”

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. “லாரியில ஸ்டெப்னி ஓடுறதில்லைங்க. அதுக்காக அத எறக்கி வெச்சுட்டு யாரும் வண்டி எடுக்கறதில்லைங்க” என்றார்.

“ஸ்டெப்னி டயர் பஞ்சர் ஆனா ஓடுமுங்க. இவங்க ஓட மாட்டாங்க” என்றேன்.

அவர் யோசித்தார். “அது நெசந்தானுங்க” என்றார். இன்னொரு டீ சொன்னார். அதையும் குடித்துவிட்டுச் சொன்னார்: “எதுக்கும் இனிமே செட்டு எடுத்தா ஒரு ஆளக் கழிச்சுட்டு வேலையக் கணக்குப் போடுங்க. அந்த ஒண்ணு ஆருன்னு மட்டும் கேக்காதீங்க.”

மறுநாள் ஒருவரும் வரவில்லை. அத்தாயி வராததால் பாப்பாத்தி வரவில்லை, பாப்பாத்தி வராததால் சரசு வரவில்லை. சண்டை போட்டவர்களுக்குள் இந்த ஒற்றுமை எப்படி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். டீக்கடையில் போசியோடு நின்ற நான்கு ஆண்களைப் பிடித்துப் பள்ளியில் விட்டேன். அவர்கள் கோரையின் தலையை மட்டும் வேகமாகப் பறித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. இரண்டொரு நாளில் முன்பைவிடச் செழிப்பாக வந்துவிட்டது. ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி வேனை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனார். நானும் போனேன். அத்தாயி வாசலில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் முன்பே போய்விட்டார். ஒரே மகள் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தாள். வேன் சத்தத்தைக் கேட்டே யார் என்று சொல்லிவிட்டார்.

“என்னுங்க, சும்மா உக்காந்திருக்கீங்க?” என்றார் முதலாளி.

“வேலைக்குப் போகாட்டி ஊட்டுல உக்கோந்து சொவுத்தப் பாக்கோணும். எனக்குத்தான் சொவுரும் தெரியறதில்லைங்களே. அதான் வெளிய வந்து உக்கோந்துட்டேன்.”

“சாப்பிட்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க சாமி.”

“நாளைக்குப் போசி எடுத்துட்டு வந்துருங்க.”

அவ்வளவுதான் பேச்சு. வேனைத் திருப்பும்போது பார்த்தேன். மற்ற ஆறு வீட்டு வாசலிலும் செட்டுப் பெண்கள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஏழு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு முதலாளியே பள்ளிக்கு வந்தார். தாளாளர் கேட்டிலேயே நின்றிருந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நாந்தான் சொல்லி அனுப்பிச்சனே, அந்தம்மா வேண்டாமுன்னு?”

“சூப்பரைசர் சொன்னாருங்க” என்றார் முதலாளி. “ஏழு பேர் வந்திருக்கறாங்க. வேண்டாமுன்னா ஏழு பேரும் திரும்பிப் போயர்றாங்க. அவங்களத் தனியா அனுப்பிச்சா நல்லா இருக்காது, நானும் போயர்றனுங்க. நான் போனா இவரும் வந்துருவாரு. மொத்தம் ஒம்பது பேருங்க.”

“லான் என்னாவறது?”

“அது உங்க லானுங்க.”

தாளாளர் புல்தரையைப் பார்த்தார். விழா மேடைக்குச் சவுக்குக் கம்பு வந்து இறங்கியிருந்தது. “பாக்கலாமுங்க” என்றார்.

அதற்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். முதலாளி வெளியூர்க்காரரைப் போல ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வேன் கதவைத் திறந்துவிட்டார். பெண்கள் மளமளவென்று இறங்கினார்கள். கடைசியில் அத்தாயி பாப்பாத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தாளாளர் உள்ளே போய்விட்டார்.

ஒரு ஆளைக் கழித்துக் கணக்குப் போடச் சொல்லியிருந்தார் அல்லவா, நான் ஆறு பட்டைதான் போட்டேன். ஆறு பட்டைக்கு ஏழு கயிறு. எட்டாவது கயிறு மிச்சமாகக் கையில் இருந்தது. ஒரு சாமானைச் சும்மா வைத்திருப்பது எனக்கு ஒத்துவராது. பட்டைகளின் நடுவிலிருந்து குப்பைக் குழிவரை அதை நேராக இழுத்து இரண்டு முனையிலும் முளை அடித்தேன். அத்தாயியை நடுக்கயிற்றின் மேலேயே உட்காரச் சொன்னேன். ஒரு பக்கம் பாப்பாத்தி, ஒரு பக்கம் சரசு. எல்லோரும் எடுத்த கோரையைக் கையோடு கை மாற்றி அவரிடம் தள்ளினார்கள். சட்டி நிறைந்ததும் அவர் எழுந்து, வெறுங்காலால் கயிற்றைத் தடவித் தடவிக் குழிக்குப் போய்க் கொட்டிவிட்டு, அதே கயிற்றில் திரும்பி வந்தார். முதல் நடையில் சரசு, “அக்கா, பஸ்ஸு வருது, ஓரமாப் போ” என்று கத்தினாள். அத்தாயி சட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, “நீ ஏறிப் போயிராத, கோரை கெடக்குது” என்றார்.

கயிற்றுக்கு அடியில் இருந்த கோரை யாருடையது என்ற தகராறு அதன் பிறகு வரவில்லை. அங்கே ஆள் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் எண்ணினேன். ஆறு பட்டைகள் முடிந்திருந்தன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆண்டு விழாவுக்கு முன் புல்தரை தயாராகிவிட்டது. பிள்ளைகள் ஆடினார்கள். இரண்டு மொட்டை வட்டங்களும் மேடைக்கு அடியில் போய்விட்டன. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியின் வேலை வேறு ஒருவருக்குப் போனது. எங்களிடம் இருந்த இடங்களில் அதுதான் பெரியது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. முதலாளிக்கு இருந்ததா என்று தெரியாது. கேட்டிருந்தால் சாப்பிட்டாச்சுங்களா என்றிருப்பார்.

அத்தாயி எங்களிடம் வந்த காலம் முழுதும் எட்டாவது கயிற்றை நான் அப்படியே போட்டுவந்தேன். பிறகு மகள் வந்து அவரைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு அடுத்த முறையும் செட்டு ஏழு பேராகவே வந்தது. புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள், நல்ல சுறுசுறுப்பு. சரி, இனி ஏழு பட்டை போடலாம் என்று கயிற்றை எடுத்தேன். பாப்பாத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குத்தவைக்க முடியவில்லை போலிருந்தது. நான் கேட்கவில்லை. ஆறு பட்டை போட்டேன். மிச்சக் கயிற்றைக் குழிப் பக்கம் இழுத்தேன். பாப்பாத்தி போய் நடுவில் நின்று சட்டியை எடுத்துக்கொண்டாள்.

இப்போது முதலாளி இல்லை. அவர் மருமகள் தொழிலைப் பார்க்கிறார், நன்றாகவே பார்க்கிறார். போன வாரம் கோகுல் வந்து, “சார், ஊட்டுல சும்மா இருக்கறதுக்கு எங்ககூட வேலை நடக்கற எடத்துக்கு வாங்களேன். வந்து ஆளையும் சாமானையும் எண்ணிக் குடுத்தீங்கன்னாப் போதும்” என்றார். மாற்று ஏற்பாடு கிடைக்காமல் தவிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். வாரத்தில் இரண்டொரு நாள்தான், பாதி நேரம். மத்தியானத்துக்குப் போசியில் தயிர்ச் சோறு எடுத்துக்கொண்டேன்.

வேனில் ஏறியதும் வழக்கம்போல எண்ணினேன். டிரைவரை விட்டுவிட்டுப் பத்துப் பேர் இருந்தோம். முன்சீட்டில் இருந்த கோகுல் வாடிக்கையாளரிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். “ஒம்பது பேர் வேலைக்கு வாரோமுங்க” என்றார்.

தவறாகச் சொல்கிறாரே என்று மறுபடி எண்ணினேன். பத்துதான். திருத்தலாம் என்று வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். காலடியில் கயிறுகள் சுருட்டிக் கிடந்தன. அவற்றை மடியில் எடுத்து வைத்து எண்ணினேன். எட்டும் இருந்தன.